திரைக்கு மேல் ஒரு திரை

“போனுக்கு வைரஸ் அடிச்சிட்டுது.” தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் போன் திருத்தும் கடைக்கு வருபவர்கள் பலர் இந்த ஒரு வசனத்தோடுதான் வருகிறார்கள். சற்று விசாரித்தால் விவரம் வெளியே வரும். அழைப்பு வருகிறது, பச்சைப் பொத்தானை இழுக்க விரல் போகிறது, அதற்குள் திரை முழுவதையும் ஒரு விளம்பரம் மூடிவிடுகிறது. சார்ஜரைச் செருகினால் ஒன்று. பூட்டைத் திறந்தால் இன்னொன்று. மேசையில் சும்மா கிடந்த போனில் யாரும் தொடாமலே ஏதோ விளையாட்டின் காணொளி ஓடத் தொடங்குகிறது. மூடுவதற்கான பெருக்கல் அடையாளம் மூலையில் எள்ளளவாக இருக்கிறது. அதைக் குறிவைத்த விரல் ஒரு நூல் தவறினாலும் வேறொரு செயலியை இறக்கும் பக்கம் திறந்துவிடுகிறது.

இது வைரஸ் இல்லை. வைரஸ் என்பது தன்னைத்தானே பிரதியெடுத்து ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவது. இங்கே நடப்பது பெரும்பாலும் வேறு. போனில் இருக்கும் செயலிகளில் ஏதோ ஒன்று, அநேகமாக வீட்டில் யாரோ தம் கையாலேயே இறக்கி வைத்த ஒன்று, தனக்குரிய இடத்தை விட்டு வெளியே வந்து திரையைப் பிடிக்கிறது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, போனுக்குள் வந்த நாள் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் போன் குறித்து வைத்திருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

இதற்கு ஒரு முழு அத்தியாயத்தை ஒதுக்கக் காரணம் உண்டு. வன்னிப் பெருநிலத்தில் கைத்தொலைபேசி வீடுவீடாகப் பரவியது போர் முடிந்து மக்கள் மீளக்குடியேறிய பிறகுதான். திரையைத் தொட்டு இயக்கும் போன் பல வீடுகளுக்குள் முதன்முதலில் நுழைந்தது 2020இலும் 2021இலும், கொரோனாக் காலத்தில் பாடசாலை பூட்டி வகுப்புகள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனபோது. பிள்ளையின் படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய அந்த ஒரே போனில்தான் இன்றைக்கு அம்மாவின் அஸ்வெசும நிவாரண விவரமும், அப்பாவின் வங்கிக் குறுஞ்செய்தியும், கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் பிள்ளையின் முகமும் வருகின்றன. டேட்டா முற்கொடுப்பனவு, ரீலோட் போட்ட காசு தீர்ந்தால் தீர்ந்ததுதான். யாரும் கேட்காத காணொளி விளம்பரம் அந்தக் காசிலிருந்துதான் இறங்குகிறது. மகளின் அழைப்பை எடுக்க முடியாமல் தவிக்கும் ஒரு முதிய தாய்க்கு இதைச் சின்னத் தொல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

முதலில் ஒரு புதிரை அவிழ்ப்போம். அன்ட்ராய்ட் இயங்குதளத்தில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் அடைபட்டிருக்கிறது. அடியில் இருக்கும் லினக்ஸ் கரு ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண்ணொன்றைக் கொடுத்துவிடுகிறது. ஒரு எண்ணுக்குரிய செயலியால் இன்னொரு எண்ணுக்குரிய செயலியின் கோப்பைத் திறக்கவோ நினைவகத்தைத் தொடவோ இயல்பாக முடியாது. அப்படியானால் எங்கோ மூலையில் கிடக்கும் ஒரு டோர்ச் லைட் செயலி வட்ஸ்அப்புக்கு மேல் ஏறி நின்று விளம்பரம் காட்டுவது எப்படி?

அது வட்ஸ்அப்பைத் தொடுவதே இல்லை. போனின் திரை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சாளரங்களால் ஆனது. கீழே முகப்புப் படம், அதற்கு மேல் நீங்கள் திறந்த செயலி, அதற்கும் மேல் தட்டெழுதும் பலகை, எல்லாவற்றுக்கும் மேல் நேரமும் மின்கல அளவும் காட்டும் பட்டை. எந்தச் சாளரம் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு இயங்குதளத்தில் ஒரு நிர்வாகி இருக்கிறது. சில செயலிகளுக்கு உயரத்தில் நிற்க நியாயமான தேவை உண்டு. மெசென்ஜரில் பேசும்போது திரையோரத்தில் மிதக்கும் வட்டமுகம் அப்படிப்பட்டது. அதற்கென்றே ‘பிற செயலிகளின் மேல் காட்டுதல்’ என்றொரு சிறப்பு அனுமதி இருக்கிறது. தொல்லைச் செயலிக்கு இந்த அனுமதிதான் தலைவாசல். நிறுவிய கையோடு “சரியாக வேலை செய்ய இதை அனுமதியுங்கள்” என்று அது கேட்கும், வேலை முடிந்தால் சரி என்று நாமும் தட்டிவிடுவோம்.

பின்வாசல்களும் உண்டு. நீங்கள் திறக்காத செயலி தானாகவே முழுப்பக்கமொன்றைத் திறப்பது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். 2019இல் வந்த அன்ட்ராய்ட் 10 அதைப் பெருமளவு தடுத்தது. ஆனால் மேலே சொன்ன அனுமதி பெற்ற செயலிகளுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு இருந்தது. அழைப்பு வரும்போதும் அலாரம் அடிக்கும்போதும் திரை முழுவதும் எழும்பும் அறிவிப்பு வகையொன்று இருக்கிறதல்லவா, அதையும் விளம்பரக்காரர் கைப்பற்றினார்கள். 2023இல் வந்த அன்ட்ராய்ட் 14தான் அந்த வசதியை அழைப்புச் செயலிகளுக்கும் அலாரச் செயலிகளுக்கும் மட்டும் இயல்பாகத் தருவதென்று சுருக்கியது. நம் ஊரில் கைமாறிக் கைமாறிப் புழங்கும் பழைய போன்களில் இந்தக் கதவுகள் பல இன்னும் திறந்தே கிடக்கின்றன.

பூட்டைத் திறந்ததும், சார்ஜர் செருகியதும் விளம்பரம் வருவது ஏன் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. திரைப்பூட்டு திறக்கப்பட்டது, மின்சாரம் இணைக்கப்பட்டது என்றெல்லாம் இயங்குதளம் உள்ளுக்குள் அறிவித்துக்கொண்டே இருக்கும். விழித்திருக்கும் செயலி அதைக் காது கொடுத்துக் கேட்கலாம். பூட்டைத் திறந்த கணத்தில் திரைக்கு முன் ஒரு மனிதக் கண் இருப்பது உறுதி. விளம்பரத்துக்கு வேண்டியது அந்தக் கண்தான்.

கண்ணுக்குக் காசு வருகிறது. இணைய விளம்பரத்தில் பொதுவாக ஆயிரம் காட்சிக்கு இவ்வளவு என்று விலை. விளம்பர இடமொன்று காலியாகும் கணத்தில் ஒரு ஏலம் நடந்து, நொடியில் பத்திலொரு பங்குக்குள் வென்றவரின் விளம்பரம் இறங்கிவிடும். ஒரு காட்சிக்குக் கிடைப்பது சதக் கணக்கிலான அற்பத் தொகை. ஆகவே நேர்மையான செயலி, ஆட்கள் அதை விரும்பித் திறக்கும் நேரத்தில் மட்டும் காட்டிச் சம்பாதிக்கிறது. நேர்மையற்றது, ஆட்கள் திறக்காத நேரத்திலும் காட்டுகிறது. இதில் ஏமாறுபவர் போன்காரர் மட்டுமல்லர். தன் சவர்க்காரத்தையோ வங்கியையோ விளம்பரப்படுத்தக் காசு கொடுத்த நிறுவனமும் ஏமாறுகிறது. எரிச்சலோடு மூடப்பட்ட ஒவ்வொரு காட்சியும் அதன் கணக்கில் ‘பார்க்கப்பட்டது’ என்றே பதிகிறது. 2020 பெப்ரவரியில் கூகுள் ஏறக்குறைய 600 செயலிகளை ஒரே வீச்சில் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கி, தன் விளம்பர வலையமைப்பிலிருந்தும் விலக்கியதற்கு இந்த மோசடியும் முக்கிய காரணம்.

அந்த 600 எப்படி உள்ளே வந்தன? பிளே ஸ்டோரில் ஏறும் செயலிகள் சோதிக்கப்படுகின்றனவே? இந்தக் கேள்விக்குச் சிறந்த விடை 2019 ஒக்டோபரில் ஸ்லோவாக்கியாவின் ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்து ஆய்வாளர் லூகாஷ் ஷ்டெஃபாங்கோ வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. ‘அஷாஸ்’ என்று பெயரிடப்பட்ட ஒரு குடும்பம். பிளே ஸ்டோரில் 42 செயலிகள். 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவிறக்கங்கள். காணொளி இறக்குவது, வானொலி கேட்பது, விளையாட்டு என்று ஒவ்வொன்றும் சொன்ன வேலையைச் செய்தது. கூடவே விளம்பரமும் காட்டியது.

காட்டிய விதம்தான் வியப்பு. போன் பூட்டு திறந்து 24 நிமிடம் கழியும்வரை முதல் விளம்பரம் வராது. சோதனை செய்பவர் ஒரு செயலியோடு செலவிடுவது பொதுவாக 10 நிமிடத்துக்கும் குறைவு என்பதை எழுதியவர் அறிந்திருந்தார். போன் இணையத்தில் இணையும் முகவரி கூகுளுக்குரியதாக இருந்தால், அது சோதனைக்கூடம் என்று கொண்டு செயலி பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடக்கும். விளம்பரம் வரும்போது “எது இது?” என்று அண்மையில் திறந்தவற்றின் பட்டியலைப் பார்த்தால் அங்கே பேஸ்புக்கினதோ கூகுளினதோ சின்னம் தெரியும். தன் சொந்தச் சின்னத்தை மறைத்துவிட்டு, முகப்பில் ஒரு குறுக்குவழியை மட்டும் வைத்திருக்கும். நாம் இழுத்துக் குப்பையில் போடுவது அந்தக் குறுக்குவழியை. செயலி உள்ளேயே இருக்கும். எழுதியவர் வியட்நாமில் பல்கலைக்கழக மாணவர் என்று ஈசெட் கண்டுபிடித்தது. ஆரம்பத்தில் ஒழுங்காக இருந்த செயலிகளில்தான் பின்னர் இதைச் சேர்த்திருக்கிறார்.

தண்ணிமுறிப்புக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர்களுக்கு இது புதிய கதையல்ல. நெற்சப்பி, கோழிச்சூடன் என்று கமக்காரர் சொல்லும் புற்கள் இளம்பயிராக இருக்கும்போது நெல்லைப் போலவே நிற்கும். களை பிடுங்கும் கை வேறாகத் தெரிவதைப் பிடுங்குகிறது, நெல்லைப் போலத் தெரிவதை விட்டுவிடுகிறது. விட்டது விதைக்கிறது. தலைமுறை தலைமுறையாக இப்படிப் பிடுங்கப் பிடுங்கக் களை மேலும் நெல்லாகிறது. ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கலாய் வாவிலோவின் பெயரால் இதை வாவிலோவ் போலித்தோற்றம் என்கிறார்கள். யாங்சி ஆற்றுப் படுகையில் இவற்றின் உறவுக்காரப் புல்லொன்றின் மரபணுக்களைப் படித்த ஆய்வு, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கையால் களையெடுத்த கமக்காரர்களே அறியாமல் அதை நெல்லுருவாக்கினார்கள் என்று 2019இல் காட்டியது. விளம்பரச் செயலிக்கும் இதே விதிதான். 10 நிமிடச் சோதனை, 10 நிமிடத்துக்குள் வெளிப்படுபவற்றை எல்லாம் பிடுங்கி எறிந்தது. எஞ்சியது 24 நிமிடம் பொறுப்பது.

இன்னும் நீண்ட பொறுமையும் உண்டு. 2019 ஜூனில் லுக்கவுட் நிறுவனம் ஷங்ஹாயைச் சேர்ந்த கூடெக்கின் 238 செயலிகளில் ஒரே விளம்பர நிரலைக் கண்டது. டச்பால் என்ற தட்டெழுத்துப் பலகையும் அவற்றில் ஒன்று. எல்லாமாக 44 கோடி நிறுவல்கள். சிலவற்றில் தொல்லை தொடங்க ஒரு நாள் ஆனது, சிலவற்றில் 14 நாள் வரை ஆனது. அடுத்த மாதம் வெளிச்சத்துக்கு வந்த ‘ஏஜன்ட் ஸ்மித்’ என்ற நிரல் நம் அயலில் பரவியது. நைன்ஆப்ஸ் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து இறங்கி, போனில் ஏற்கெனவே இருந்த வட்ஸ்அப் போன்றவற்றை விளம்பரம் காட்டும் போலிப் பிரதிகளாக மாற்றியது. செக் பொயின்ட் நிறுவனத்தின் கணக்கின்படி 2.5 கோடி போன்கள், அவற்றில் ஏறத்தாழ 1.5 கோடி இந்தியாவில். பிளே ஸ்டோருக்கு வெளியே, ஒருவர் போனிலிருந்து மற்றவர் போனுக்கு அனுப்பி வாங்கும் செயலிகளின் ஆபத்து இதுதான். டேட்டா மிச்சம் பிடிக்கத்தான் நம் பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள். மிச்சம் பிடித்ததைவிட அதிகமான டேட்டாவை விளம்பரம் தின்றுவிடும்.

இனி தேடும் முறைக்கு வருவோம். தண்ணீரூற்றில் என் பெரியம்மாவின் போனை வைத்தே அதைச் சொல்கிறேன்.

“மோனை, இதை ஒருக்காப் பாரன். லண்டனில இருந்து பிள்ளை எடுத்தா மறுமொழி சொல்லேலாமக் கிடக்கு. ஒரே விளம்பரம்.”

“எப்பவிருந்து பெரியம்மா? புதுசா ஏதும் அப் போட்டனீங்களோ?”

“நான் ஒண்டும் போடேல்லை. பெடியன்தான் முந்தி என்னவோ போட்டுத் தந்தவன்.”

அடுத்த விளம்பரம் எழும்பும்வரை காத்திருந்தோம். எழும்பியதும் அதை மூடவில்லை. மூடினால் சாட்சி போய்விடும். அண்மையில் திறந்தவற்றைக் காட்டும் சதுரப் பொத்தானைத் தொட்டதும் விளம்பரம் ஒரு சீட்டாகச் சுருங்கியது. சீட்டின் மேல் பெயர் இருக்கும். சின்னத்தை அழுத்திப் பிடித்தால் ‘ஆப்ஸ் தகவல்’ பக்கம் திறக்கும். அங்கே தெரிந்தது குரோம் உலாவி. இப்படி உலாவி தெரிந்தால் இரண்டு வழக்குகளில் ஒன்று. ஏதோ ஒரு இணையத்தளம் “அறிவிப்பு அனுப்பலாமா?” என்று கேட்டு நாம் ஆம் என்றிருக்கலாம். குரோமின் அமைப்புகளில் தள அறிவிப்புகளுக்குள் போய் அறிமுகமில்லாத முகவரிகளை எல்லாம் தடுத்துவிட்டால் அந்த வகைத் தொல்லை அத்தோடு நிற்கும். பெரியம்மாவின் குரோமில் அப்படி எந்தத் தளமும் இல்லை. ஆகவே இரண்டாவது வழக்கு: வேறொரு செயலி பின்னால் நின்றுகொண்டு உலாவியைத் தள்ளித் திறக்கிறது.

இந்த இடத்தில் அறிவியலில் செய்வதைத்தான் போனிலும் செய்ய வேண்டும். சந்தேகப்படும் காரணியை நீக்கிவிட்டு விளைவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்ட்ராய்டில் அதற்கென்றே பாதுகாப்புப் பயன்முறை இருக்கிறது. மின்பொத்தானை அழுத்தி, திரையில் வரும் ‘அணை’ என்பதை விடாமல் பிடித்தால் பெரும்பாலான போன்கள் அந்த முறையில் மீண்டும் எழும்பும். அதில் நாம் நிறுவிய செயலிகள் எல்லாம் உறங்கும், போனோடு வந்தவை மட்டும் ஓடும். விளம்பரம் நின்றுவிட்டால் குற்றவாளி நாம் நிறுவியவற்றுள் ஒன்று. நிற்காவிட்டால் உலாவியின் அறிவிப்போ, போனோடு வந்த செயலியோ. ஐந்து நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 24 நிமிடம் பொறுப்பவை உண்டென்று தெரிந்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரமாவது அந்த நிலையில் போனைப் புழங்க வேண்டும், பூட்டித் திறக்க வேண்டும், சார்ஜரைச் செருகிப் பார்க்க வேண்டும். பெரியம்மாவின் போனில் ஒன்றும் வரவில்லை. போனை வழமைபோல எழுப்பியதும் திரும்பவும் வந்தது.

அமைப்புகளில் செயலிகளின் முழுப்பட்டியலைத் திறந்தோம். முகப்பில் சின்னம் இல்லாவிட்டாலும் இந்தப் பட்டியலில் ஒளிய முடியாது. ஆனால் வேடம் போடலாம். பெயரே இல்லாமல் வெறுமையாக இருப்பது, அன்ட்ராய்டின் பச்சைச் சின்னத்தை மட்டும் தாங்கியிருப்பது, ‘அமைப்புகள்’ என்ற பெயரில் இரண்டாவதாக ஒன்று நிற்பது எல்லாம் சந்தேகத்துக்குரியவை. போனோடு வந்த உண்மையான அமைப்புச் செயலியைத் திறந்தால் ‘நிறுவல் நீக்கு’ என்ற பொத்தான் இராது. வேடம் போட்டதில் அது இருக்கும். பிறகு சிறப்பு அணுகல் பகுதியில் பிற செயலிகளின் மேல் காட்ட அனுமதி பெற்றவை எவை என்று பார்த்தோம். அங்கே மெசென்ஜர் இருந்தது, அது இருக்க வேண்டியது. அதற்குக் கீழே ஒரு கியூஆர் ஸ்கானர் இருந்தது.

2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்க கியூஆர் தேவைப்பட்டது. குறியீட்டைக் காட்டினால் போதும், ஸ்கான் செய்வது பெற்றோல் நிலையத்தாரின் வேலை. ஆனாலும் அந்தத் தட்டுப்பாட்டுக் கால வரிசைகளின் பதற்றத்தில் பலர் ஒரு ஸ்கானரையும் இறக்கி வைத்தார்கள். பெரியம்மாவின் மகனும் அப்படித்தான். 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை நிறுத்தப்பட்டது, ஸ்கானர் போனிலேயே கிடந்தது. ஒரு நாளும் திறக்கப்படாத அந்தச் செயலிக்கு, திரை நேரத்தைக் கணக்கிடும் டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தில் நிமிடங்கள் பதிவாகியிருந்தன. டேட்டாப் பட்டியலிலும் அது மேலே நின்றது. கமராவால் ஒரு சதுரத்தை வாசிக்கும் செயலிக்கு இவ்வளவு இணையம் எதற்கு?

“அது எவ்வளவு காலமாக் கிடக்குது, இவ்வளவு நாளும் ஒண்டும் செய்யேல்லையே” என்றார் பெரியம்மா. சரியான கேள்வி. விடை 2021 பெப்ரவரியில் மல்வெயார்பைட்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு வழக்கில் இருக்கிறது. பிளே ஸ்டோரில் ஒரு கோடிக்கு மேல் நிறுவப்பட்ட பார்கோட் ஸ்கானர் ஒன்று, ஆண்டுக்கணக்காக ஒழுங்காக வேலை செய்தது, 2020 டிசம்பரில் வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு உலாவியைத் தானாகத் திறந்து விளம்பரம் காட்டத் தொடங்கியது. செயலி கைமாறும்போது வாங்கியவர் தரப்பில் செய்தது என்று அதன் நிறுவனம் விளக்கம் சொன்னது. நல்ல பெயரெடுத்து, பலகோடிப் போன்களில் இடம் பிடித்த செயலிக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. வாங்குபவர் வாங்குவது அந்த இடத்தை. ஆகவே எப்போது நிறுவினோம் என்பதோடு நின்றுவிடாமல், அண்மையில் எவை புதுப்பிக்கப்பட்டன என்றும் பார்க்க வேண்டும். அதிலும் நேற்றும் இன்றும் போதாது. கூடெக்கின் 14 நாள் பொறுமையை நினைவில் வைத்து இரண்டு கிழமை பின்னோக்கிப் போக வேண்டும்.

நிறுவல் நீக்கு என்பதைத் தொட்டோம், போய்விட்டது. அன்றிரவும் மறுநாளும் பெரியம்மா விளம்பரம் இல்லாமல் பேசினார். கியூஆர் வாசிக்கத் தனிச் செயலியே தேவையில்லை. இன்றைய போன்களின் கமராவே வாசிக்கும். டோர்ச்சும் 2014இன் அன்ட்ராய்ட் 5 முதல் மேலிருந்து இழுக்கும் பட்டியிலேயே இருக்கிறது. ‘போனைச் சுத்தமாக்கும்’ செயலிகள் வேண்டவே வேண்டாம்; நினைவகத்தை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். “உங்கள் போனில் வைரஸ் உள்ளது, இதை இறக்குங்கள்” என்று அலறும் எச்சரிக்கையும் ஒரு விளம்பரம்தான். தொல்லைச் செயலிகள் விரும்பி அணியும் வேடங்களில் சுத்தமாக்கி முதன்மையானது.

நீக்கப் பார்க்கும்போது பொத்தான் மங்கிக் கிடந்தால், அந்தச் செயலி சாதன நிர்வாகியாகத் தன்னைப் பதிந்திருக்கும். பாதுகாப்பு அமைப்புகளில் அந்தப் பதிவை எடுத்துவிட்டால் பொத்தான் உயிர் பெறும். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்தன்மை அனுமதியையும் பாருங்கள். திரையில் உள்ளதை வாசிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் அந்த அனுமதியால் முடியும். ஒரு விளையாட்டு அதை வைத்திருந்தால் அது விளம்பரத்தோடு நிற்கும் வழக்கு அல்ல. வங்கிக் கணக்கு உள்ள போன் என்றால் கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

சில வேளை எதை நீக்கினாலும் திரும்பி வரும். எக்ஸ்ஹெல்ப்பர் என்ற ஒன்று 2019இல் பேசப்பட்டது. சிமன்டெக் நிறுவனத்தின் கணக்கில் சுமார் 45,000 போன்கள். போனை முழுதாக அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தாலும் அது மீண்டும் முளைத்தது. அழிக்கப்படாத அமைப்புப் பகுதிக்குள் தன்னை எழுதிக்கொண்டதுதான் காரணம் என்று 2020இல் கஸ்பர்ஸ்கி விளக்கியது. இதைவிட மோசம், பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருப்பது. லீகூ, நோமு போன்ற மலிவு விலைப் போன்களின் மென்பொருளுக்குள்ளேயே ட்ரையாடா என்ற நிரல் இருந்ததை 2017இல் டொக்டர் வெப் நிறுவனம் கண்டது. தயாரிப்புச் சங்கிலியில் வெளியார் ஒருவர் அதை நுழைத்திருந்தார் என்று 2019இல் கூகுளும் உறுதி செய்தது. இப்படியான போனில் கடைக்காரர் செய்யக்கூடியது, உற்பத்தியாளரின் சுத்தமான மென்பொருளை மறுபடி ஏற்றுவது மட்டுமே. அது கிடைக்காத போனுக்குக் காசு செலவழிக்காதீர்கள். பெயர் தெரியாத போனை வாங்கும் முன் ‘ஐஎம்ஈஐ’ என ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 1909க்கு அனுப்பினால் அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். உள்ளிருக்கும் மென்பொருளை அது சோதிப்பதில்லை. ஆனாலும் கள்ளவழியில் வந்த போன்களை முதலிலேயே கழிக்க உதவும்.

போனை முழுதாக அழிப்பதை நம் ஊரில் முதல் மருந்தாகக் கொடுக்கிறார்கள். அது கடைசி மருந்தாக இருக்க வேண்டும். 2009 போரில் வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பிறகு சேர்த்த படங்கள் அந்தப் போனில் மட்டும்தான் இருக்கும். ஐந்நூறு ரூபாய் வேலைக்காக அவற்றை அழித்துவிட்டு, கூகுள் கணக்கை மறுபடி திறந்ததும் பழைய செயலிகள் எல்லாம் தாமாக மீண்டும் இறங்கிவிட்டால், குற்றவாளியும் கூடவே வந்து குந்திக்கொள்ளும். படம்தான் போயிருக்கும்.

நீக்கிய பிறகு செய்ய வேண்டிய ஒன்று மிச்சமிருக்கிறது, அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய் முறைப்பாடு செய்யுங்கள். எதிர்பாராத நேரத்தில் முழுத்திரையை மூடும் விளம்பரத்தையும், 15 நொடி கழிந்தும் மூடமுடியாத முழுத்திரை விளம்பரத்தையும் 2022 செப்டெம்பர் முடிவிலிருந்து கூகுளின் விதியே தடைசெய்கிறது. தனிப்பட்ட தரவு போயிருக்கும் என்ற ஐயம் இருந்தால், 2006 முதல் இயங்கும் இலங்கை கணினி அவசர தயார்நிலை அணிக்கு 101இல் சொல்லலாம். முறைப்பாட்டை “மோசமான அப்” என்ற ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். எந்த மாதிரிப் போன், அன்ட்ராய்டின் எந்தப் பதிப்பு, எப்போது நிறுவியது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, பூட்டைத் திறந்து எத்தனை நிமிடத்துக்குப் பிறகு விளம்பரம் வந்தது என்று தமிழிலேயே எழுதுங்கள். கலிபோர்னியாவில் இருக்கும் சோதனையாளர் அந்தச் செயலியோடு 10 நிமிடம்தான் இருந்திருப்பார், அதுவும் செயலி அடையாளம் கண்டு அடங்கிக் கிடக்கும் ஒரு வலையமைப்பிலிருந்து. 24 நிமிடமும் 14 நாளும் அதோடு இருந்தவர் தண்ணீரூற்றுப் பெரியம்மாதான்.